உதிரிகளின் அரசியல்: ஈரானிய விமானப்படையும் ஸ்பானர் பிடித்தவர்களும்

தமிழில் 'உதிரி' என்ற சொல்லை இடதுசாரிகள் பெரும்பாலும் ஒரு வசவாகவே புழங்கி வந்திருக்கிறார்கள். உதிரிப் பாட்டாளி என்றால் நம்ப முடியாதவன், அமைப்புக்குள் அடங்காதவன், காசு கண்ட பக்கம் சாய்கிறவன். மெக்கானிக் பட்டறையில் இதே சொல்லுக்கு மரியாதை வேறு. அங்கே உதிரி வரவில்லையென்றால் வண்டி நிற்கும், முதலாளி கையைப் பிசைவார், பையன் டீ வாங்கப் போவான். ஒரு முழுமையிலிருந்து கழன்று விழுந்தது என்பது ஒரு அர்த்தம். அது இல்லாமல் அந்த முழுமை இயங்கவே இயங்காது என்பது இன்னொரு அர்த்தம். இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. இடம் ஈரான். பொருள், எஃப்-14 டாம்கேட் என்ற அமெரிக்கப் போர் விமானமும் அதற்கு வேண்டிய டயர், வால்வு, சர்க்யூட் அட்டை இத்யாதிகளும்.

இதெல்லாம் ராணுவப் பத்திரிகைக்காரன் எழுத வேண்டிய சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏகாதிபத்தியம் என்ற சொல்லை நாம் கூட்டம் கூட்டமாகப் பேசித் தீர்த்திருக்கிறோம். அது ஒரு நட்டுக்குள்ளும் போல்ட்டுக்குள்ளும் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அதை யார் திருகுகிறார்கள் என்று பார்த்ததில்லை. ஈரானியப் புரட்சி என்றாலே நம் பக்கங்களில் ஃபூக்கோ அங்கே போனதும், 'அரசியல் ஆன்மீகம்' என்று அவர் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதும்தான் நினைவுக்கு வரும். 1978 செப்டம்பரில் இத்தாலிய நாளேடு ஒன்றுக்கு அவர் எழுதிய முதல் கட்டுரை மதத்தைப் பற்றியது அல்ல, ராணுவத்தைப் பற்றியது என்பதை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. ராணுவம் என்றாலும் எந்த ராணுவம்? தளபதிகளா, தொப்பிக்குக் கீழே கிரீஸ் படிந்த கையோடு நிற்கிறவர்களா? இந்தக் கட்டுரை இரண்டாமவர்களைப் பற்றியது.

*

1972 மே மாதம் நிக்சனும் கிஸ்ஸிங்கரும் டெஹ்ரான் போய் ஷாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்கள்: அணு ஆயுதம் தவிர எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு எண்ணெய் விலை எகிறியது. ஷாவின் கையில் பணம் புரண்டது. 1974ல் எஃப்-14 விமானங்கள் 80க்கு ஆர்டர் கொடுத்தார். சுமார் 200 கோடி டாலர் வியாபாரம். அதே ஆண்டில் அந்த விமானத்தைச் செய்த க்ரம்மன் கம்பெனி திவாலாகும் நிலையில் கிடந்தது. அமெரிக்கக் கடற்படை கொடுத்துவந்த கடனைக் காங்கிரஸ் நிறுத்திவிட, ஈரானின் மெல்லி வங்கி 7.5 கோடி டாலர் கடன் கொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. சார்புநிலை பற்றிய பாடப் புத்தகங்களில் ஏழை நாடு பணக்கார நாட்டிடம் கடன் வாங்கும். இங்கே வாங்குகிறவன் விற்கிறவனுக்கே கடன் கொடுத்தான். கொடுத்தும் சார்பு குறையவில்லை, கூடியது.

எப்படிக் கூடியது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு போர் விமானம் ஒரு மணிநேரம் பறப்பதற்குத் தரையில் முப்பது நாற்பது மனித மணிநேர உழைப்பு தேவைப்படும். வயதாக ஆக இன்னும் கூடும். இந்த உழைப்பு மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் அடுக்கு ஓடுபாதை ஓரத்தில் நடப்பது. கோளாறான பெட்டியைக் கழற்றி நல்ல பெட்டியை மாட்டுவது, அவ்வளவுதான். இரண்டாவது அடுக்கு தளத்திலுள்ள பட்டறை. பெட்டியைச் சோதனைக் கருவியில் மாட்டி எந்த அட்டை போச்சு என்று பார்ப்பது. மூன்றாவது அடுக்கு பெரிய பணிமனை: பெட்டியை முழுக்கப் பிரித்துப் புதுசாக்குவது, எஞ்சினை ஓவர்ஹால் செய்வது. ஈரானியத் தொழில்நுட்பப் பணியாளர்களின் கை பெரும்பாலும் முதல் அடுக்கில் நிறுத்தப்பட்டது. மேலே போகப் போக வேலை அமெரிக்கக் கம்பெனி ஆட்களிடம் இருந்தது, அல்லது பெட்டியே கப்பலேறி அமெரிக்கா போய் வந்தது. விமானம் ஷாவுடையது, பெட்டியின் உட்புறம் க்ரம்மனுடையதும் ஹ்யூஸுடையதும். மாட்டத் தெரியும், திறக்கத் தெரியாது என்கிற அளவுக்கு ஒரு மனிதனுக்கு அறிவைக் கத்தரித்துக் கொடுப்பது காலனியத்துக்குப் பழகிய வேலைதான். மெக்காலேயின் குமாஸ்தாவுக்கும் இந்த மெக்கானிக்குக்கும் உறவுமுறை உண்டு.

1976ல் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழுவுக்கு அதன் அலுவலர்கள் கொடுத்த அறிக்கை இதை ஒளிக்காமலே சொல்லிவிட்டது. அடுத்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு அமெரிக்கர்களின் அன்றாட உதவி இல்லாமல் ஈரான் ஒரு போரை நடத்த முடியாது என்பது அதன் சாரம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் முதல் எஃப்-14கள் ஈரானில் வந்து இறங்கியிருந்தன. 1978க்குள் 79 வந்து சேர்ந்தன. எண்பதாவது சோதனைக்காக அமெரிக்காவிலேயே தங்கியது, பிறகு வரவே இல்லை.

இந்த அமெரிக்க ஆட்களின் இருப்பு வெறும் தொழில்நுட்ப விஷயமாக ஈரானியர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 1964 அக்டோபரில் ஈரானிய மஜ்லிஸ் ஒரு சட்டம் போட்டது: அமெரிக்க ராணுவ ஆலோசகர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஈரானில் குற்றம் செய்தால் ஈரானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இதை எதிர்த்துக் கோம் நகரத்தில் பேசியதற்காகத்தான் கொமேனி நாடு கடத்தப்பட்டார். ஒரு அமெரிக்கனின் நாயை வண்டியேற்றிக் கொன்றால் ஈரானியன் விசாரணைக்குப் போக வேண்டும், ஒரு அமெரிக்க சமையல்காரன் ஷாவையே வண்டியேற்றிக் கொன்றாலும் கேட்க ஆளில்லை என்கிற தொனியில் போனது அந்தப் பேச்சு. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு வெடித்த ஒன்றின் திரி, 'பராமரிப்பு உதவி' என்ற சாதுவான பெயரில் வந்திறங்கியவர்களின் சட்ட அந்தஸ்தில் பற்றவைக்கப்பட்டது. எண்ணெய், மசூதி, பாஸார் என்று புரட்சியின் காரணங்களை அடுக்குகிறவர்கள் இதையும் அந்த வரிசையில் வைக்க வேண்டும்.

*

இப்போது ஹொமாஃபர்கள். ஈரானிய விமானப்படையின் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு இருந்த பதவிப் பெயர் இது. பாரசீகப் புராணத்தில் ஹொமா என்றொரு பறவை உண்டு. அது தரையில் கால் பதிப்பதே இல்லை என்பார்கள். வாழ்நாள் முழுவதும் தரையிலேயே நிற்கப் போகிறவர்களுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இவர்கள் யார்? பள்ளிப் படிப்பு முடித்த, நகர்ப்புறக் கீழ்நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள். ஒப்பந்தம் எழுதி வாங்கிச் சேர்க்கப்பட்டவர்கள். பலர் அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி பெற்று ஆங்கிலக் கையேட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். சிப்பாய்க்கு மேலே, அதிகாரிக்குக் கீழே. எவ்வளவு திறமை இருந்தாலும் அதிகாரி ஆக முடியாது. ஒப்பந்தத்தை உதறிவிட்டு வெளியேறவும் வழியில்லை. பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த அமெரிக்கன் பல மடங்கு சம்பளம் வாங்கினான். ஒரே ஸ்பானர், இரண்டு கூலி. வர்க்கமும் இனமும் எங்கே சந்திக்கின்றன என்று தத்துவார்த்தமாக மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, இதோ, ஒரு விமானத்தின் இறக்கைக்கு அடியில் சந்திக்கின்றன.

ஷாவின் ராணுவத்தில் விமானப்படைதான் செல்லப்பிள்ளை. தரைப்படைக்கு ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துப் போட்டார்கள். புரட்சிக் காலத்தில் அவர்கள் தப்பி ஓடினார்கள். விமானப்படையில் இருந்தவர்களோ தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், படித்தவர்கள், நவீனத்தின் மடியில் வளர்ந்தவர்கள். அங்கிருந்து உடைப்பு வரும் என்று அரண்மனை எதிர்பார்க்கவில்லை. 1979 ஜனவரியிலேயே பல தளங்களில் ஹொமாஃபர்கள் கிளர்ச்சியில் இறங்கினார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி சீருடையோடு கொமேனி தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் அணிவகுத்து சல்யூட் அடித்தார்கள். அந்தப் புகைப்படம் 'கைஹான்' பத்திரிகையில் வந்தது. முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம்; அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக முகங்கள் தவிர்க்கப்பட்டன. ஒட்டுப்போட்ட படம் என்று பக்தியார் அரசாங்கம் மறுத்தது. முகமில்லாத முதுகுகளின் வரிசை. எதிரே ஜன்னலில் ஒரே ஒரு முகம். வரலாறு எழுதப்படப் போகும் விதத்துக்கு அந்தப் படமே முன்னோட்டம்.

மறுநாள் இரவு டெஹ்ரானின் டோஷான் தப்பே விமானதளத்தில் தொலைக்காட்சியில் கொமேனி திரும்பி வந்த காட்சி காட்டப்பட்டது. தளத்திலிருந்தவர்கள் கோஷமிட்டார்கள். ஷாவின் மெய்க்காவல் படை அவர்களை அடக்கப் புகுந்தது. ஹொமாஃபர்கள் ஆயுதக் கிடங்கை உடைத்தார்கள். ஃபெதாயீன், முஜாஹிதீன் கெரில்லாக்களும் தெருவிலிருந்த ஜனங்களும் வந்து சேர்ந்துகொள்ள, 10ஆம் தேதி துப்பாக்கிகள் டெஹ்ரான் முழுக்கக் கை மாறின. 11ஆம் தேதி மதியம் ராணுவத் தலைமை நடுநிலை அறிவித்தது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு முடியாட்சி என்று பீற்றிக்கொண்ட ஒன்று, நட்டு முறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஆரம்பித்து வைத்த சண்டையில் மூன்றே நாளில் சரிந்தது.

இங்கே நிறுத்திக்கொண்டால் நம்மில் பலருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கதை அதற்கு மேலும் போகிறது. வெற்றிக்குப் பிறகு முகாம்களில் ஷூராக்கள், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்கள் வேண்டும், தளபதிகளைக் கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இடதுசாரிகள் ஆதரித்தார்கள். புதிய ஆட்சிக்கு இது பிடிக்குமா? கீழ்ப்படிதல் திரும்ப நிலைநாட்டப்பட்டது. முகாம்தோறும் அரசியல்-சித்தாந்த அலுவலகம் வந்தது. பல ஆயிரம் பேர் களையெடுக்கப்பட்டார்கள். 1980 ஜூலையில் நோஜே தளத்தில் ஒரு ஆட்சிக்கவிழ்ப்புத் திட்டம் அம்பலமானதும் விமானிகளின் மேலும் கை விழுந்தது. பிப்ரவரி 8 விமானப்படை தினமாயிற்று. ஆண்டுதோறும் அந்த சல்யூட்டுக்கு விழா எடுத்தார்கள். கேள்வி கேட்ட வாயை மறக்கடித்துவிட்டு, வணங்கிய கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் விழா. நமக்கும் இந்த மாதிரி விழாக்கள் பரிச்சயமானவைதாம்.

*

1979 நவம்பரில் அமெரிக்கத் தூதரகம் பிடிக்கப்பட்டது. 14ஆம் தேதி கார்ட்டர் ஈரானின் சொத்துக்களை முடக்கினார். பணம் கட்டி வாங்கிய உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாக அமெரிக்கக் கிட்டங்கிகளில் நின்றுபோயின. கம்பெனி ஆட்கள் ஏற்கெனவே விமானமேறிவிட்டார்கள். 1980 செப்டம்பர் 22 அன்று சதாம் உசேன் படையெடுத்தார். சிறையிலிருந்த விமானிகளை வெளியே எடுத்து விமானத்தில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

இனி இந்த விமானங்கள் சில மாதத்தில் இரும்புக் கடைக்குத்தான் போகும் என்பது மேற்கத்திய வல்லுநர்களின் கணக்கு. கணக்கில் தர்க்கம் இல்லாமல் இல்லை. இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை இந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்கிறது கையேடு, பாகம் வராது, ஆகவே விமானம் பறக்காது. இந்தத் தர்க்கத்தின் உள்ளே ஒரு ஓட்டை இருப்பதை நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒரு பிரிட்டிஷ் உயிரியலாளர் பார்த்திருந்தார். சி.எச். வாடிங்டன். 'எபிஜெனிடிக்ஸ்' என்ற துறைக்குப் பெயர் வைத்தவர் என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கரையோர விமானப்படைக்காக அவரும் சகாக்களும் பராமரிப்புப் பதிவுகளை எடுத்து வைத்து எண்ணினார்கள். 50 மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை நடக்கும் முழுப் பரிசோதனைக்குப் பிறகு கோளாறு குறைய வேண்டும் அல்லவா? பரிசோதனை முடிந்த உடனேதான் கோளாறு அதிகமாக இருந்தது. பிறகு பறக்கப் பறக்கக் குறைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்துப் பூட்டியதே கோளாறுக்குக் காரணம். தரையில் வேலை செய்தவர்கள் நிரப்பிய படிவங்கள் இல்லையென்றால் இது தெரிந்திருக்காது. 1946ல் எழுதி முடித்த அந்தப் புத்தகம் 1973 வரை வெளியே வரவில்லை. பராமரிப்பு அட்டவணை என்பது இயற்கை விதி அல்ல. கிட்டங்கி நிறையச் சரக்கு வைத்திருப்பவன் எழுதிய பிரதி. சரக்கு இல்லாதவன் அதை வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருந்தது.

வாசித்தார்கள். முதல் வேலை, தங்களிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஷா காலத்தில் உதிரிபாகங்கள் மலைமலையாக வாங்கிக் குவிக்கப்பட்டிருந்தன. எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய கணினிப் பட்டியல் அரைகுறையாக நின்றிருந்தது. சொந்தக் கோடவுனில் சொந்தப் பொருளைத் தேட வேண்டிய நிலை. பெட்டி பெட்டியாக உடைத்து, எண்ணைப் படித்து, கையால் பட்டியல் எழுத வேண்டும். வீரகாவியத்துக்கு ஏற்ற வேலையா இது? இல்லைதான். ஆனால் எட்டு வருஷப் போரில் விமானங்கள் எழும்பியது இந்தக் குமாஸ்தா வேலையின் மேல் நின்றுதான்.

இரண்டாவது, பெட்டியைத் திறந்தார்கள். மாட்டக் கழற்ற மட்டும் அனுமதிக்கப்பட்ட கைகள் உள்ளே போயின. எது ரப்பர் வளையம், எது சாதா வால்வு, எதை உள்ளூர் லேத்தில் கடைந்துகொள்ளலாம், எதைத் தொடவே முடியாது என்று ஒரு அறிவு உருவாயிற்று. எஃப்-14இன் டிஎஃப்30 எஞ்சின் அமெரிக்காவிலேயே தொல்லை பிடித்த எஞ்சின் என்று பெயர் வாங்கியது. அதன் விசிறித் தகடுகளை உள்ளூரில் அவ்வளவு சுலபத்தில் செய்துவிட முடியாது. அதற்குத்தான் மூன்றாவது வழி: ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் போடுவது. சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கில ராணுவ வழக்கில் இதற்குப் பெயர் 'கானிபலைசேஷன்', நரமாமிசம் தின்பது. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளைப் பற்றிக் கொலம்பஸ் கொண்டுவந்த கட்டுக்கதையிலிருந்து பிறந்த சொல். அமெரிக்கக் கடற்படையும் தன் விமானங்களை இதேபோல் பிரித்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் ஈரானியன் செய்தால் அது வீழ்ச்சியின் அடையாளமாகவும், தான் செய்தால் நிர்வாகச் சிக்கனமாகவும் எழுதப்படும்.

எத்தனை விமானம் பறந்தது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. மேற்கத்திய மதிப்பீடுகள் பத்துக்கும் கீழே சொன்ன எண்பதுகளின் நடுவில், ஒரு புரட்சி தினத்தன்று டெஹ்ரான் மேலே இருபத்தைந்து பறந்ததாகவும் சொல்கிறார்கள். இரண்டு தரப்புக்குமே குறைத்தோ கூட்டியோ சொல்லக் காரணம் இருந்தது. போர் முடிந்த 1988லும் அவை பறந்துகொண்டிருந்தன என்பது மட்டும் சண்டைக்கு அப்பாற்பட்டது. இதற்கு 'தன்னிறைவு ஜிஹாத்' என்று ஆட்சி பெயர் சூட்டிக்கொண்டது. கவுன்சில் கேட்டவர்களை நசுக்கிய அதே ஆட்சி, அவர்கள் கையில் ஊறியிருந்த அறிவைத் தன் சாதனையாக்கிக்கொண்டது. ஏகாதிபத்தியத் தடையை முறியடித்த மூன்றாம் உலக மெக்கானிக் என்று நாம் கைதட்டத் தொடங்கினால், அந்தக் கைதட்டல் யார் மேடையில் ஒலிக்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று. அந்த விமானம் எழும்பிய ஒவ்வொரு தடவையும் எங்கோ யாரோ செத்திருக்கிறார்கள். அடிமைக் கல்வியை மீறிய கையும் கொலைக்கருவியைத் தயார் செய்த கையும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை.

*

தடை என்றால் கதவடைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது விலையேற்றம். போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1980 அக்டோபரில், எஃப்-4 விமானத்துக்கான 250 டயர்கள் ஈரானுக்குப் போயின. அனுப்பியது இஸ்ரேல். வெளியில் சாத்தானும் சாத்தானின் குட்டியும், உள்ளே டயர் வியாபாரம். 1981 ஜூலை 18 அன்று அர்ஜென்டினா கம்பெனி ஒன்றின் சரக்கு விமானம் சோவியத் ஆர்மீனியாவில் சோவியத் போர் விமானத்தோடு மோதி விழுந்தபோது இந்தப் போக்குவரத்து உலகத்துக்கே தெரிந்தது. இஸ்ரேலிலிருந்து டெஹ்ரானுக்குச் சரக்கு கொண்டுபோய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த விமானம் அது. 1985 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு கும்பல் பிடிபட்டது. அமெரிக்கக் கடற்படையின் சொந்தக் கிட்டங்கிகளிலிருந்தும் 'கிட்டி ஹாக்' விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தும் எஃப்-14 பாகங்களைக் கடத்தி ஈரானுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். கொள்கை, பகை, தேசபக்தி எல்லாவற்றையும் ஒரு கணினிப் படிவமும் கூரியர் பார்சலும் தாண்டிப் போயின.

பிறகு அரசாங்கமே கடத்தல்காரனாயிற்று. 1986 மே 16 அன்று அமெரிக்காவில் 'டாப் கன்' படம் வெளியானது. எஃப்-14தான் அதில் நிஜமான கதாநாயகன். படம் ஓடிக்கொண்டிருந்த ஒன்பதாம் நாள், ரீகனின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஃபார்லேன் ரகசியமாக டெஹ்ரானில் இறங்கினார். உடன் கொண்டுபோனது ஹாக் ஏவுகணைக்கான உதிரிபாகங்கள் ஒரு அடுக்கு, சாவி வடிவத்தில் ஒரு கேக். லெபனானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை விடுவிப்பதற்கான பேரம். உதிரிபாகத்துக்கு வாங்கிய அதிக விலையின் ஒரு பகுதி, நிகராகுவாவில் சாண்டினிஸ்டாக்களைக் கொல்லும் கான்ட்ராக்களுக்குப் போனது. ஈரானியர்கள் ஏமாளிகள் அல்ல. தயாரிப்பாளரின் அசல் விலைப்பட்டியல் மைக்ரோஃபிஷ் வடிவில் அவர்கள் கைக்கு வந்ததும், பல மடங்கு அடித்திருக்கிறீர்களே என்று சண்டைக்கு வந்தார்கள். நவம்பரில் ஒரு லெபனான் பத்திரிகை எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. அனுப்பியதெல்லாம் சேர்ந்தாலும் ஒரே சரக்கு விமானத்தில் அடங்கிவிடும் என்று ரீகன் தொலைக்காட்சியில் சமாதானம் சொன்னார். எடையை வைத்து உதிரிபாகத்தை அளப்பது சாமர்த்தியமான பேச்சு. ஒரு ராடாரை இயங்க வைக்கும் பாகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

இந்த வரலாற்றில் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் நாள் 1988 ஜூலை 3. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 பயணி விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் 'வின்சென்ஸ்' சுட்டு வீழ்த்தியது. 290 பேர். அதில் 66 குழந்தைகள். மேலே ஏறிக்கொண்டிருந்த அந்த ஏர்பஸ்ஸை, தங்களை நோக்கி இறங்கி வரும் எஃப்-14 என்று கப்பலில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். உதிரிபாகம் இல்லாமல் செத்துப்போன விமானம் என்று பத்து வருஷமாக அறிக்கை எழுதிய அதே ராணுவம். தானே விற்ற விமானம். அதற்குத் தன் கிட்டங்கியிலிருந்தே திருட்டுத்தனமாகப் பாகம் போனதையும் அறிந்த ராணுவம். திரையில் ஒரு புள்ளி நகர்ந்ததும் அதற்குத் தெரிந்தது எஃப்-14தான். அந்த விமானம் அன்றைக்கு அங்கே பறக்கவே இல்லை. பறக்கக்கூடும் என்பதே போதுமாக இருந்தது. ஹொமாஃபர்களின் உழைப்பு எந்த அளவுக்கு வெற்றி பெற்றது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று கிடைக்காது.

*

நம் பக்கத்துக்கும் ஈரானுக்கும் இதில் ஒரு பழைய முடிச்சு உண்டு. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் அமெரிக்கா இரண்டு பேருக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் அமெரிக்க வடிவமைப்பு. 1966ல் ஷாவின் ஈரான் மேற்கு ஜெர்மனியிடமிருந்து 90 சேபர்களை வாங்கியது; அவை பாகிஸ்தானில் போய் இறங்கின. கேட்டதற்கு, பழுதுபார்க்கத்தான் போயிருக்கின்றன என்று சொல்லப்பட்டது. பழுது பார்த்து முடியவே இல்லை. 1971 போரில் அவை பறந்தன. இந்தியாவின் கதை வேறு மாதிரி. 1991ல் சோவியத் யூனியன் சிதறியபோது மிக் விமானங்களுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் ஒரே இரவில் வெவ்வேறு நாடுகளில் கிடந்தன. 1998 பொக்ரான் குண்டுகளுக்குப் பிறகு கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பல பறக்க முடியாமல் நின்றன. பிரிட்டனில் செய்தவை என்றாலும் வயிற்றுக்குள் அமெரிக்கப் பாகங்கள். குண்டு சுதேசி, ஹெலிகாப்டரின் கியர்பெட்டிக்கு விசா வேண்டும். மிக்-21 ஒவ்வொன்றாக விழுந்து இளம் விமானிகள் செத்தபோது பத்திரிகைகள் 'பறக்கும் சவப்பெட்டி' என்று எழுதின. தாம்பரத்தில் பயிற்சி முடித்து அந்த விமானங்களைப் பூட்டிக் கழற்றிய மெக்கானிக்குகள் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்டு எழுதியதாக நான் பார்த்ததில்லை. 2025 செப்டம்பரில் சண்டிகரில் அதற்கு ஓய்வு கொடுத்தபோதும் மேடை விமானிகளுக்குத்தான்.

அமெரிக்கக் கடற்படை 2006ல் எஃப்-14ஐ ஓய்வுக்கு அனுப்பியது. சாதாரணமாக ஓய்வுபெற்ற விமானங்களின் பாகங்கள் உபரிச் சரக்காக ஏலம் போகும். இந்த விமானத்தின் பாகம் வேண்டிய வேறொரு நாடு உலகில் ஈரான் ஒன்றுதான். ஏலத்தில் போனவை இடைத்தரகர்கள் வழியாக அங்கே போய்ச் சேர்வதாகச் செய்தி வந்ததும், 2007 ஜனவரியில் பென்டகன் விற்பனையை நிறுத்தியது. அரிஸோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருந்த விமானங்களை எந்திரத்தில் கொடுத்துத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். 2022ல் வந்த 'டாப் கன்' இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் பெயர் சொல்லப்படாத எதிரி நாட்டின் தளத்திலிருந்து ஒரு பழைய எஃப்-14ஐத் திருடிக்கொண்டு தப்பிக்கிறான். அந்த விமானம் இத்தனை வருஷம் யார் கையால் ஓடும் நிலையில் இருந்தது என்று கேட்க ஹாலிவுட்டுக்கு நேரமில்லை. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது தரையில் நின்ற எஃப்-14கள் குண்டுபட்டு எரியும் படங்களை வெளியிட்டது. டயர் அனுப்பியதற்கு நாற்பத்தைந்து வருஷம் கழித்து.

1979ல் முடக்கப்பட்டதில், ஈரான் ஆயுதம் வாங்குவதற்காக அமெரிக்காவில் கட்டி வைத்திருந்த 40 கோடி டாலரும் உண்டு. ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில் வழக்கு முப்பத்தைந்து வருஷம் இழுத்தது. 2016 ஜனவரியில் சமரசம் ஆயிற்று. அசல் 40 கோடி, வட்டி சுமார் 130 கோடி. அமெரிக்காவின் தடைச் சட்டம் டாலரில் கொடுக்க விடாததால் அசலை யூரோவாகவும் சுவிஸ் பிராங்காகவும் மாற்றி, கட்டுக் கட்டாக மரச் சட்டங்களின் மேல் அடுக்கி, அடையாளம் எதுவும் இல்லாத ஒரு சரக்கு விமானத்தில் அனுப்பினார்கள். வட்டி அடுத்த சில வாரங்களில் போய்ச் சேர்ந்தது.